மறுபடியும் போங்கள்



இம்முறை ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். டென்மார்க்கில் சுமார் 3,500 குடும்ப வைத்தியர்கள் இருக்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அதில் கால்வாசி, மூளையிலும், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணிலும் வருகிற கட்டிகள். முண்ணாணில் மட்டும் வருவது அந்தக் கால்வாசியிலும் மிகச் சிறிய பங்கு. நாடு முழுவதிலும் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வைத்தியரின் அறைக்குள் அப்படி ஒரு பிள்ளை வந்து சேர 700 வருடம் எடுக்கும். உங்கள் வைத்தியர் முழு வாழ்நாளும் வேலை செய்து ஓய்வு பெறும்போதும் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு முன்பு அந்தக் கதிரையில் இருந்தவரும் பார்த்திருக்க மாட்டார்.

இவ்வளவு அரிதான நோய்க்கு ஆசிரியர் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காய்ச்சல், தடுப்பூசி, பல் சூத்தை, கைபேசி பார்க்கும் நேரம் என்று எல்லா வீட்டுக்கும் பொருந்துவதை எழுதினால் போதாதா? அவையும் வரும். ஆனால் அரிதான நோயில் ஒரு சிக்கல் இருக்கிறது. வைத்தியர் அதை எதிர்பார்த்து இருப்பதில்லை. எதிர்பாராதவரின் முன்னால் அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டியவர்கள் தாயும் தகப்பனும்தான். நான் சொல்ல வருவது இவ்வளவே: பிள்ளையின் நடையிலோ முதுகிலோ ஏதோ சரியில்லை என்று உங்கள் மனம் சொன்னால், ஒருமுறை போய் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று கேட்டு வந்த பின்னும், அது தீராவிட்டால் மறுபடியும் போங்கள்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். முள்ளந்தண்டு எலும்புகளின் நடுவே ஓடும் நரம்புத் தண்டைத்தான் பாடசாலையில் முண்ணாண் என்று படித்தோம். தமிழ்நாட்டு வாசகர்கள் தண்டுவடம் என்பார்கள். பெரியவர்களிலேயே அது சுண்டுவிரல் தடிப்புத்தான். இரண்டு வயதுப் பிள்ளையில் இன்னும் ஒடுக்கம். கை கால் அசைவது, தொட்டால் தெரிவது, சலமும் மலமும் அடக்குவது எல்லாம் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். கட்டி அதற்குள்ளேயே வளரலாம். பிள்ளைகளில் அப்படி வருபவற்றில் அதிகம் அஸ்ட்ரோசைட்டோமா, அதற்கடுத்தது எபென்டைமோமா. அஸ்ட்ரோசைட்டோமா பெரும்பாலும் மெதுவாக வளர்கிற வகை. வெளியிலிருந்தும் வரலாம். கைக்குழந்தைகளில் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் தொடங்கி, நரம்புகள் வெளியே வருகிற துவாரத்தின் வழியே உள்ளே நுழைந்து முண்ணாணை நெரிக்கும். பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளையிடம் என்ன தெரியும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவருக்கு முதுகு நோ என்றால் வாய்விட்டுச் சொல்வார், அதுவும் விடிய விடியச் சொல்வார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே நொந்தாலும் வயிறுதான் நோகும். பலருக்கு அதுவும் சொல்லத் தெரியாது. ஆகவே கேட்டு அறிவதைவிடப் பார்த்து அறிவதே அதிகம். நிலத்தில் கிடக்கும் விளையாட்டுக் காரை எடுக்கும்போது பாருங்கள். மற்றப் பிள்ளை முதுகை வளைத்துக் குனியும், அல்லது சட்டென்று குந்தும். முதுகு நோகிற பிள்ளை முதுகை வளைக்காது. அதை விறைப்பாக நேரே வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலை மட்டும் மடித்து இறங்கும். சில பிள்ளைகள் அந்தக் காரே வேண்டாம் என்று விட்டுவிடும். பார்ப்பவர்கள் 'நல்ல அமைதியான பிள்ளை' என்பார்கள்.

இரவு இன்னொரு சாட்சி. பகலில் எப்படியோ விளையாடித் திரிந்த பிள்ளை, படுக்கவைத்துக் கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டு எழும்பும். தூக்கித் தோளில் நிமிர்த்தி வைத்தால் அடங்கும். திரும்பக் கிடத்தினால் திரும்ப அழும். படுத்தால் கூடுகிற நோவும், நித்திரையைக் கலைக்கிற நோவும் முண்ணாண் கட்டிகளில் அடிக்கடி காண்கிறவை. இந்த நாட்டில் காப்பகங்களில் சின்னப் பிள்ளைகளை மதிய நித்திரைக்கு வெளியே தள்ளுவண்டியில் படுக்கவைப்பார்கள், மாரி காலத்திலும் அப்படித்தான். (ஊரிலிருந்து வந்த அம்மம்மாக்கள் இதை முதன்முதலில் பார்த்துவிட்டுப் பொலிசைக் கூப்பிடலாமா என்று யோசித்த கதைகள் நம்மில் பல வீடுகளில் உண்டு.) மாதக்கணக்காக அந்த வண்டியில் சுகமாகத் தூங்கிய பிள்ளை, திடீரென்று மல்லாந்து படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அது முதலில் தெரிவது காப்பகத்தில் வேலை செய்பவர்களுக்குத்தான். பின்னேரம் கூட்டிவரப் போகும்போது 'சாப்பிட்டாளா' என்று கேட்கிறோம். எப்படிப் படுத்தாள், எப்படி நடந்தாள் என்றும் கேளுங்கள்.

நடக்கத் தொடங்கிய பிள்ளை திரும்பத் தவழ்வது, எதற்கெடுத்தாலும் தூக்கச் சொல்வது, படி ஏறும்போது எப்போதும் ஒரே காலை முன்வைப்பது, ஒரு சப்பாத்தின் நுனி மட்டும் தேய்ந்துபோவது, கழுத்து ஒரு பக்கம் சரிந்தே நிற்பது, குளிக்கவார்க்கும்போது முதுகெலும்பு வளைந்திருப்பது கண்ணில் படுவது, படுக்கையில் சலம் போவதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடியும் நனைப்பது, எதற்கும் அசையாத மலச்சிக்கல். இவை தனித்தனியே வந்தால் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். தம்பி பிறந்த பொறாமையில் தவழ்கிற பிள்ளைகளும் உண்டு, இறுக்கமான சப்பாத்தால் நொண்டுகிற பிள்ளைகளும் உண்டு. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கவனம் வேண்டும். ஒன்று வாரக்கணக்கில் போகாமல் நின்றாலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றுக்கொண்ட ஒன்றைப் பிள்ளை இழந்தால் பொறுத்திருக்கக் கூடாது. கால் திடீரெனப் பலமிழந்தாலோ சலம் அடைத்துக்கொண்டாலோ அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விடயம். நாளைக் காலை எட்டு மணிக்கு வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்று இருக்காதீர்கள், 112க்கு அடியுங்கள்.

ஏமாற்றுகிற இன்னொரு குணமும் இந்த நோய்க்கு உண்டு. மெதுவாக வளர்கிற கட்டி என்பதால் அறிகுறி ஒரு கிழமை கூடும், மறு கிழமை குறையும். குறையும்போது நாம் கும்பிட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், முண்ணாண் தெரியாது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்ற வார்த்தையை நம்பி மாதங்கள் போய்விடும்.

இனி நம் வீட்டுப் பக்கம். முதுகு நோ, கால் உளைவு என்றால் நமக்குக் கைவசம் இரண்டு வழி: சித்தாலேபை பூசி உருவிவிடுவது, நாவூறு கழிப்பது. மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதால் பிள்ளைக்கு ஒரு கெடுதியும் இல்லை, வீட்டில் தும்மல் வருவதைத் தவிர. உருவிவிடுவது அப்படியல்ல. காரணம் தெரியாமல் வாரக்கணக்காக நொந்துகொண்டிருக்கிற சின்ன முதுகை யாரும் அழுத்தி உருவக் கூடாது, சுளுக்கு எடுக்கிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். பிறாண்ட நகரில் இருக்கும் அபிராமி அம்மனிடம் நோயாளிப் பிள்ளைகளைக் கொண்டுபோகும் குடும்பங்கள் யூலண்டில் மட்டுமல்ல, ஐரோப்பா எங்கும் இருக்கின்றன. ஹேர்னிங் பிள்ளையாரிடம் நேர்த்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வைத்தியரிடம் போய்விட்டுப் போங்கள். அம்மன் கோபிக்க மாட்டாள்.

டெனிஷ் பக்கத்துக்கும் ஒரு கைமருந்து இருக்கிறது: பனோடில். இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பகிடி இது. காய்ச்சலா, பனோடில். தலையிடியா, பனோடில். கால் முறிந்தாலும் முதலில் பனோடில், பிறகு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம். இதைச் சொல்லிச் சிரிக்கிறோமே தவிர, பொறுத்துப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு வருகிற வருத்தங்களில் பெரும்பாலானவை தாமாகவே போய்விடும். ஒவ்வொரு நொண்டலுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் நாடு தாங்காது, பிள்ளையும் தாங்காது. சின்னப் பிள்ளை அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பொறுத்துப் பார்ப்பது வைத்திய முறைதான். ஆனால் பொறுத்த பிறகு பார்க்கத்தான் வேண்டும். நம்மவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். 'போன கிழமைதான் போனோம், திரும்பப் போனால் மனிசன் என்ன நினைப்பார்' என்று கூச்சப்படுகிறார்கள்.

இந்தக் கூச்சத்துக்கு எதிராக டெனிஷ் ஆராய்ச்சியே நம் பக்கம் நிற்கிறது. 1968 முதல் இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் சி.பி.ஆர். என்ற ஆள் அடையாள இலக்கம் இருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேடோ அதற்கும் முன்னரே, 1940களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அந்த இலக்கத்தை வைத்து, வைத்தியரிடம் போன பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பொருத்திப் பார்த்தால் எந்தப் பிள்ளை எப்போது வைத்தியரிடம் போனது, எப்போது நோய் தெரிந்தது என்று நாடு முழுவதற்கும் கணக்கெடுக்கலாம். ஓகூஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதைச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். புற்றுநோய் வந்த பிள்ளைகளையும், அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, நோய் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அந்தப் பிள்ளைகள் குடும்ப வைத்தியரிடம் கூடுதலாகப் போய்வந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் போன அந்தத் தாய்மாரில் எத்தனை பேரை, சும்மா பதறுகிறவர் என்று யாராவது மனதுக்குள் எண்ணியிருப்பார்களோ, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இருப்பது அவர்கள் போனார்கள் என்பது மட்டும்.

இங்கிலாந்தில் 2011இல், பிள்ளைகளின் மூளைக்கட்டியை நேரத்தோடு கண்டுபிடிக்க ஹெட்ஸ்மார்ட் என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும், பிள்ளைகள் நல வைத்தியர்களின் கல்லூரியும், மூளைக்கட்டிக்கான தொண்டு அமைப்பும் சேர்ந்து செய்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஒரு சிறிய அட்டைதான். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் எவை எவை அறிகுறி, அதற்கு மேல் எவை என்று வயதுவாரியாகப் போட்டு, பெற்றோருக்கும் வைத்தியருக்கும் ஒரே அட்டையைக் கொடுத்தார்கள். அங்கே பிள்ளைகளின் மூளைக்கட்டி அறிகுறி தொடங்கியதிலிருந்து கண்டுபிடிக்கப்படும் வரை முன்பு 14 வாரம் எடுத்தது, அது 7 வாரத்துக்குள் இறங்கியது. டென்மார்க்கிலும் அதே வழியில் 'யேர்னதைன்' என்ற இணையக் கருவி வந்தது. பிள்ளையின் அறிகுறியைக் கொடுத்தால், எவ்வளவு அவசரமாக எங்கே அனுப்ப வேண்டும் என்று வைத்தியருக்கு வழிகாட்டும். அடுத்தமுறை வைத்தியரிடம் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அன்றைக்கே தெரிந்துகொள்வார்.

ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது, வேறு விடயம்தான். 1987இல் சட்ட அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை இங்கே வரவிடாமல் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். குடும்பத்தை அழைப்பது சட்டம் தந்த உரிமை. நம்மவர்கள் விண்ணப்பித்தார்கள், பதில் இல்லை, மறுபடியும் எழுதினார்கள், முறைப்பாடு செய்தார்கள். அந்தக் கோப்புகள் கடைசியில் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசையே பதவி விலகவைத்தன. 1995இல் நின்-ஹான்சனுக்கு அமைச்சர்களை விசாரிக்கும் உயர் நீதிமன்றம் நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. தமிழர் வழக்கு என்றே அது டெனிஷ் வரலாற்றில் இருக்கிறது. பதில் வராத கதவை மறுபடியும் தட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், குடும்ப வைத்தியரிடம் இரண்டாம் முறை நேரம் கேட்கக் கூச்சப்படுவது எனக்கு விளங்குவதில்லை.

நேரத்தோடு போனால் என்ன கிடைக்கும்? இங்கேதான் முண்ணாண் கட்டி மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு பிள்ளை எப்படி நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது, சத்திரசிகிச்சைக்கு முன் அது எப்படி நடந்தது என்பதுதான். நடந்துகொண்டு உள்ளே போகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் நடப்பவர்களாகவே இருப்பார்கள். முற்றாகக் கால் விழுந்த பின் போகிற பிள்ளைக்கு, கட்டியை எவ்வளவு திறமையாக எடுத்தாலும், போன பலம் முழுதாகத் திரும்புவது அரிது. ஆகவே அந்தச் சில வாரங்களுக்கு இங்கே உண்மையான பெறுமதி இருக்கிறது.

அந்தச் சத்திரசிகிச்சையின் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1887இல் லண்டனில் விக்டர் ஹோர்ஸ்லி முதன்முதலாக முண்ணாணை அழுத்திக்கொண்டிருந்த கட்டியை எடுத்தார், அது வெளியே இருந்த கட்டி. முண்ணாணுக்கு உள்ளேயே இருக்கும் கட்டியைத் தொட வைத்தியர்கள் அதன் பின்னும் நெடுங்காலம் தயங்கினார்கள். கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதித்துவிட்டு, கதிர்வீச்சுக் கொடுத்து, நடப்பது நடக்கட்டும் என்று விடுவதுதான் பொது வழக்கமாக இருந்தது. வளரும் பிள்ளையின் முள்ளந்தண்டுக்குக் கதிர்வீச்சு என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை: எலும்பு வளராது, முதுகு கோணும். நியூயோர்க்கில் பிரெட் எப்ஸ்டைன் என்ற பிள்ளைகளுக்கான நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர். 1982இல், முண்ணாணுக்குள் அஸ்ட்ரோசைட்டோமா வந்த 19 பிள்ளைகளுக்குத் தான் செய்த சத்திரசிகிச்சைகளை அவர் வெளியிட்டார். சிறுவயதில் படிக்கவே தடுமாறிய பிள்ளை அவர்.

அவர் கையில் இருந்த கருவியின் கதை இன்னும் சுவையானது. பல் வைத்தியர் பல்லின் காரையைச் சுரண்டும்போது ங்ஙீ என்று ஒரு சத்தம் வருமே, அந்தக் கருவியின் வம்சம்தான் அது. 1960களில் சார்ல்ஸ் கெல்மன் என்ற கண் வைத்தியர் தன் பல்லைக் காட்டப்போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, இந்த அதிர்வால் கண்புரையையும் உடைத்து உறிஞ்சலாமே என்று யோசித்தார். நம் அப்பா அம்மாமார் இன்று தையல் இல்லாமல் கற்றறாக்ட் செய்துகொண்டு பின்னேரமே வீடு வருவது அந்த யோசனையால்தான். அதற்குப் பிறகு அது மூளைக்கும் முண்ணாணுக்கும் வந்தது. கத்தியால் இழுத்து அறுக்காமல், கட்டியைத் துளித்துளியாக உடைத்து உறிஞ்சி எடுக்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல நரம்பு இழுபடாது.

இப்போது இதற்கு மேலும் ஒரு காவல் இருக்கிறது. பிள்ளை மயக்கத்தில் கிடக்கும்போதே தலையில் சிறு மின்தூண்டல் கொடுத்து, அது முண்ணாண் வழியாகக் கை கால் தசைக்குப் போய்ச் சேருகிறதா என்று ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். அலை தாழ்ந்தால் குரல் கொடுப்பார். சத்திரசிகிச்சை நிபுணர் கையை எடுத்துவிட்டு, இளஞ்சூட்டு நீர் விட்டுக் காத்திருப்பார். அலை திரும்பினால் தொடர்வார், திரும்பாவிட்டால் மிச்சக் கட்டியை விட்டுவிட்டு வெளியே வருவார். 'முழுதாக எடுக்கவில்லையாம்' என்று நம்மவர்கள் தொலைபேசியில் பரப்புகிற செய்திக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். எடுக்கத் தெரியாமல் விடவில்லை, பிள்ளையின் காலைக் காப்பாற்ற விட்டிருக்கிறார்கள். மெதுவாக வளரும் கட்டியின் மிச்சத்தை மருந்தாலும், தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதாலும் ஆண்டுக்கணக்கில் கட்டிவைக்க முடியும். சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் கால் முன்பைவிடச் சோர்ந்திருப்பதும் வழக்கம். அதையும் பார்த்துக் கலங்க வேண்டாம், பயிற்சியோடு பலம் திரும்பி வருவதுண்டு.

மருந்துகளும் மாறிவருகின்றன. கார்போபிளாட்டினும் வின்கிறிஸ்டினும் பல காலமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கூட்டு. கட்டியின் மரபணுவில் பிராஃப் என்ற இடத்தில் மாற்றம் இருந்தால் அதையே குறிவைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. அதனால் கட்டியில் ஒரு துண்டு எடுத்து மரபணுச் சோதனை செய்வது சடங்கு அல்ல, அதைப் பொறுத்துத்தான் மருந்து தீர்மானமாகும். கைக்குழந்தையின் நியூரோபிளாஸ்டோமாவுக்குப் பல நேரம் கத்தியே வேண்டாம், மருந்திலேயே சுருங்கும். கதிர்வீச்சுத் தவிர்க்க முடியாத பிள்ளைகளுக்குப் புரோட்டோன் சிகிச்சை இருக்கிறது. கட்டியைத் தாண்டி அப்பால் போகாமல் நிற்கும் கதிர் அது. முன்பு அதற்காக டெனிஷ் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போக வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் ஓகூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் சொந்த நிலையம் தொடங்கிய பின் அந்தப் பயணம் குறைந்தது. இந்த நாட்டில் பிள்ளைகளின் புற்றுநோயைப் பார்ப்பவை நான்கு இடங்கள்: கோப்பன்ஹேகனில் ரிக்ஸ்ஹொஸ்பிற்றல், ஓடென்ஸ, ஓகூஸ், ஓல்போர்க்.

இனிச் சொல்வது வைத்தியப் புத்தகத்தில் இல்லாதவை, ஆனால் வீட்டுக்குத் தேவையானவை. பெரியவர்கள் தங்கள் சிகிச்சைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டால், இந்த நாட்டில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தவர்கள் பணம் கட்ட வேண்டும் என்று 2018இல் சட்டம் வந்தது. அதற்குப் பயந்து பலர் மொழிபெயர்ப்பாளரே கேட்பதில்லை. பிள்ளையின் சிகிச்சைக்காகப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. கேளுங்கள். டெனிஷ் நன்றாகக் கதைக்கிறவர்களும் கேளுங்கள். கட்டி, மயக்கம், ஊனம் என்ற சொற்கள் வருகிற அறையில் எவருடைய இரண்டாம் மொழியும் காலை வாரிவிடும். பன்னிரண்டு வயது மூத்த மகளை நடுவில் இருத்தி அவளைக் கொண்டு தம்பியின் நோயை மொழிபெயர்ப்பிக்காதீர்கள். அந்தச் சுமை அவளுக்கு வேண்டாம்.

வேலையைப் பற்றியும் பயப்படாதீர்கள். கடும் நோயுள்ள பிள்ளையோடு இருக்க, பதினெட்டு மாதத்துக்குள் 52 வாரம் வரை உதவிப்பணம் பெறும் ஏற்பாடு பேற்று விடுமுறைச் சட்டத்தில் இருக்கிறது. இழந்த சம்பளத்துக்கு ஈடு கேட்டு உங்கள் நகரசபையான கொம்யூனுக்கும் விண்ணப்பிக்கலாம். இவற்றை வைத்தியசாலையிலேயே இருக்கும் சமூகப் பணியாளர் எழுதித் தருவார். அவரிடம் வாய் திறப்பது மட்டும்தான் உங்கள் வேலை. தூரத்திலிருந்து வருகிற குடும்பங்கள் தங்க கோப்பன்ஹேகனில் ரொனால்ட் மக்டொனால்ட் இல்லமும், ஓகூஸில் ட்ரிக் நிதியத்தின் குடும்ப இல்லமும் இருக்கின்றன. வைத்தியசாலைக் கோமாளிகள் கிழமைதோறும் வருவார்கள். சிவப்பு மூக்கோடு ஒருவர் வார்டுக்குள் நுழைவதைப் பார்த்து முகம் சுளித்த தாத்தாமாரும் மூன்றாம் நாள் அவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் சனத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு இப்படி ஒன்று வந்தால் விடுப்புக் கேட்டுத் தொலைபேசி எடுக்காதீர்கள். 'என்ன பாவம் செய்தீர்களோ' என்று யாராவது தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை யாரும் செய்ததாலோ செய்யாததாலோ வருபவை அல்ல. கர்ப்பகாலத்தில் தாய் சாப்பிட்டதாலும் இல்லை, பிள்ளை விழுந்ததாலும் இல்லை. மருந்து எடுக்கும் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், ஆகவே தடிமனோடும் இருமலோடும் பார்க்கப் போகாதீர்கள். சோறு கறி சமைத்துக் கதவடியில் வைத்துவிட்டு வாருங்கள். மற்றப் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குங்கள். பனி கொட்டினால் அவர்கள் வாசலையும் சேர்த்து வழியுங்கள்.

பிள்ளைகளைக் குடும்ப வைத்தியர் பரிசோதிக்க இந்த நாட்டில் ஐந்தாவது வாரம், ஐந்தாவது மாதம், பிறகு ஐந்து வயது வரை ஆண்டுக்கு ஒரு தடவை என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், இலவசமாக. ஊசி இல்லாத வருடத்தில் அதைத் தவறவிடும் பழக்கம் நம்மில் இருக்கிறது. தவறவிடாதீர்கள். போகும்போது ஒரு கடதாசியில் நாளும் அறிகுறியும் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளை நடப்பதையும், குனிந்து எடுப்பதையும், இரவில் அழுவதையும் கைபேசியில் பதிவு செய்து காட்டுங்கள். வைத்தியரின் அறையில் பிள்ளை ஒருபோதும் வீட்டில் நடப்பதுபோல் நடக்காது. அவர் பொறுத்துப் பார்ப்போம் என்றால், 'எத்தனை நாள்? எது நடந்தால் அதற்கு முன்பே வர வேண்டும்?' என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழும்புங்கள்.

கடைசியாக ஓர் அழைப்பு. டென்மார்க்கின் வைத்தியசாலைகளில், பிள்ளைகள் பிரிவுகளில், உடற்பயிற்சிச் சிகிச்சையில், எம்.ஆர்.ஐ. அறைகளில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் தலைமுறைக்கு விளங்கும் தமிழில், உங்கள் பிரிவில் என்ன நடக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள். தமிழில் எழுதக் கை வராதவர்கள் டெனிஷில் எழுதி அனுப்புங்கள், நாங்கள் தமிழாக்கிக்கொள்கிறோம். அடுத்த இதழிலிருந்து பிள்ளைகள் நலத்துக்கு என்று இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்